கொள்ளின் மேல் ஏறாத பஸ்

தை மாதத்து ஒரு காலையில், பிரேக் இன்ஸ்பெக்டர் உள்ளே உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து, ஈச்சம்பள்ளத்து மினி பஸ் நடுரோட்டில் நின்றுவிட்டது.

நின்றதென்றால் நின்றதுதான். எஞ்சின் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, முன்னால் ரோட்டை அடைத்துக் குவிந்து கிடக்கும் கொள்ளுச் செடியைப் பார்த்துக்கொண்டு பஸ் நிற்கிறது. ஒரு முழம் நகரவில்லை. டிரைவர் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். டிரைவர் இல்லை. அந்த பஸ்ஸை யாரும் ஓட்டுவதில்லை. அதுவே ஓடும்.

அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

முன்னால் அதை ஜெட்டு ஓட்டினான். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஊருக்கு அது மறந்து வெகுகாலம், ஜெட்டு என்றால்தான் அவனே திரும்பிப் பார்ப்பான். பெண்டாட்டி மாதம்மாவுக்குப் பெயர் தெரியும், ஆனால் அவள் சொல்லமாட்டாள், அந்தப் பக்கத்தில் அவள் வயதுப் பெண்கள் புருஷன் பெயரை வாயில் எடுப்பதில்லை. வீட்டில் "இந்தாய்யா" என்பாள், ரேஷன் கடையில் கேட்டால் தூரத்து மலையைக் கையால் காட்டி, "அதும்மேல இருக்கற சாமி பேரு" என்பாள், கடைக்காரன் தலையில் அடித்துக்கொண்டு சாமான் போடுவான்.

ஒரு கை ஸ்டீரிங்கிலும் ஒரு கை செல்போனிலுமாக, சேவல் சண்டை நிலவரம் பேசிக்கொண்டே, ஈச்சம்பள்ளத்திலிருந்து கணவாய் இறங்கிச் சந்தைப்பேட்டைக்குப் போகும் ரோட்டில், முன்னால் போகிற லாரியை மாலைத் திருப்பத்தில் வைத்து முந்துவான் ஜெட்டு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெண்கள் அலற, ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் வாந்தியெடுக்க, படிக்கட்டில் தொங்குகிற வாலிபர்கள் விசிலடிக்க, பஸ் பறக்கும். மாலைத் திருப்பம் என்ற பெயர் அங்கே செத்தவர்களுக்குப் போட்ட மாலைகளால் வந்தது. பாறையில் ஆணியடித்து மாட்டியிருப்பார்கள். பழைய மாலை காய்வதற்குள் புது மாலை வந்துவிடும். ஜெட்டு ஆளைக் கொன்றதில்லை, அதை நெஞ்சைத் தட்டிச் சொல்வான்: கோழி, நாய், ஒரு கன்றுக்குட்டி, அவ்வளவுதான். மற்ற வண்டிக்காரர்கள் கொன்றார்கள். தூங்கிக் கொன்றார்கள், குடித்துக் கொன்றார்கள், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்து அந்தக் கோபத்தில் கொன்றார்கள், ஒன்றுமே இல்லாமல் சும்மா முந்திப் பார்ப்போமே என்று கொன்றார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. மனுஷர்கள்.

போன பங்குனியில் ஒரு நாள் ஜெட்டு டீக்கடையில் நின்று, கண்ணாடி டம்ளரை ஆட்டி ஆட்டி, எதிர்க் கம்பெனி பஸ்ஸை முந்தின நாள் எப்படி மண்ணில் இறக்கினேன் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, நேரமாகிவிட்டதே என்று பஸ் தானாக ஆரன் அடித்தது. டிரைவர் ஏறிவிட்டான் என்று நினைத்துக் கண்டக்டர் ரஹமத் விசில் கொடுத்தான். பஸ் புறப்பட்டது. ஜெட்டு டம்ளரோடு பின்னால் ஓடினான். ஓடுகிறவனுக்காக நிற்காதே என்று அந்த பஸ்ஸைப் பழக்கியதும் அவன்தான். உள்ளே யாரும் எதையும் கவனிக்கவில்லை. கணவாய் பாதி இறங்கிய பிறகு, கூடையை மடியில் வைத்திருந்த ஒருத்தி சொன்னாள்:

"இன்னிக்கு ஜெட்டுக்கு ஒடம்பு சரியில்ல போல. மனுசனாட்டம் ஓட்டறான்."

எட்டிப் பார்த்தார்கள். சீட்டு காலி. ஸ்டீரிங் தானே திரும்பி, தானே நேராகி, மாலைத் திருப்பத்தில் லாரிக்கு வழிவிட்டு, ஓரமாக ஒதுங்கி நின்று, லாரி போன பிறகு கிளம்பியது. யாரும் கத்தவில்லை. கத்தினால் அது பயந்துவிடுமோ என்று ரஹமத் மட்டும் விசிலை மெதுவாக ஊதினான்.

ஏன் அப்படி ஆனது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். முனியப்பன் ஏறிக்கொண்டார் என்றார்கள். திருப்பத்தில் செத்தவர்கள் எல்லாரும் சேர்ந்து ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டார்கள் என்றார்கள். வண்டிக்கே வெறுத்துப்போச்சு என்றாள் மாதம்மா, அவளுக்கு அதில் அனுபவம் உண்டு. காரணம் கேட்டு நின்றவர்கள் பஸ்ஸைத் தவறவிட்டார்கள். மற்றவர்கள் ஏறிப் போனார்கள்.

ஏறிப் போய்ப் போய்ப் பழகிவிட்டது. பஸ் குலுங்காது என்று கண்டதும் சவரக்காரர் சென்னையன் பெட்டியோடு ஏறிக்கொண்டார். சந்தைக்குப் போகிறவர்கள் ஈச்சம்பள்ளத்தில் தாடியோடு ஏறிச் சந்தைப்பேட்டையில் மழமழவென்று இறங்கினார்கள், கொண்டையூசி வளைவில் கழுத்தில் கத்தி வைத்திருக்கும்போதுகூட ஒருத்தனுக்கும் கீறல் விழுந்ததில்லை. பெண்கள் முறத்தைக் கொண்டுவந்து அரிசியில் கல் பொறுக்கினார்கள். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்பதை விட்டு, எந்த பஸ்ஸில் போய்வருகிறார் என்று கேட்டுப் பெண் கொடுத்தார்கள். பஸ் நிற்கும் என்று தெரிந்துகொண்ட ஆடுகள் ரோட்டில் படுத்து அசைபோட, பஸ் பக்கத்தில் வந்து, இருமுவதுபோல் ஒரு ஆரன் கொடுத்து, அவை எழுந்து சோம்பல் முறித்துப் போகும்வரை காத்திருந்தது. படிக்கட்டில் ஒருத்தன் தொங்கினாலும் கிளம்பாது; தொங்கியவன் வெட்கப்பட்டு உள்ளே வருவான். இதனால் எல்லாம் தினமும் தாமதம். "லேட்டா வா, முழுசா வா" என்றார் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர், மணியை மாற்றி அடித்தார். எதிர்க் கம்பெனி பஸ் ஆள் கிடைக்காமல் நின்றுபோனது, பின்னால் வந்த லாரிகளும் இதன் நடைக்கே ஊர்ந்தன. மாலைத் திருப்பத்தில் காய்ந்த மாலைகள் உதிர்ந்தன, ஆணி மட்டும் நின்றது, புதிதாக ஒன்றும் வரவில்லை. அங்கே வண்டிச் சக்கரத்துக்கு வைக்க எலுமிச்சம்பழம் விற்ற முனியம்மா, "சாவு நின்னு போனா பழம் ஊறுகாய்க்குத்தான்" என்று சொல்லி போண்டாக் கடை போட்டாள். வியாபாரம் முன்னைவிட நன்றாக நடந்தது.

சண்டை நடக்காமல் இல்லை. டீக்கடையில் தினமும் நடந்தது.

"மனுசன் ஓட்டுனா உசுருக்குப் பயந்து ஓட்டுவான். இதுக்கு உசுரு இருக்கா, பயப்படறதுக்கு?"

"உசுரு இருக்கறவன் ஓட்டி எத்தினி உசுரு போச்சி, அத்த எண்ணு மொதல்ல."

"நாளைக்கே அதுக்குக் கிறுக்குப் புடிச்சி பள்ளத்துல பாஞ்சா?"

"நேத்து நீ பாஞ்சியே, மோட்டார் சைக்கிளோட சாக்கடையில. உன் வண்டிய யாராச்சும் புடுங்கிக்கினாங்களா?"

ஜெட்டு மூலையில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருப்பான். அவனுக்கு வயிற்றெரிச்சல் வேறு இடத்தில். அவன் சீட்டில் யாரும் உட்காரக்கூடாது என்று ஊர் முடிவு செய்திருந்தது. ஒருத்தர் அதற்கு விபூதி பூசினார், ஒருத்தர் ஜெபமாலை தொங்கவிட்டார், ரஹமத் பச்சைத் துணி கட்டினான், வெள்ளிக்கிழமை தவறாமல் யாராவது ஒரு கதம்ப மாலை சாத்தினார்கள். உயிரோடு இருக்கிறவன் சீட்டுக்கு மாலை! அவன் அதே பஸ்ஸில், சட்டைப்பையில் லைசென்ஸோடு, கடைசி சீட்டில் உட்கார்ந்து சந்தைக்குப் போனான். பஸ் அவன்மேல் எந்தக் கோபமும் வைத்துக்கொள்ளவில்லை, அவன் வர நேரமானால் நின்று ஏற்றிக்கொண்டது. அதுதான் அவனால் தாங்க முடியாதது. ஒரு மத்தியானம் பஸ் காலியாக நின்றபோது திருட்டுத்தனமாக ஏறி ஸ்டீரிங்கைப் பிடித்தான். அது அடுப்பருகே நீளும் குழந்தைக் கையை விலக்குவதுபோல் மெல்லத் திரும்பி, அவன் கையிலிருந்து விலகிக்கொண்டது.

இந்த நிலையில்தான் பிரேக் இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று சேதி வந்தது. டிரைவர் இல்லாமல் பஸ் ஓடுகிறது என்று எவனோ எழுதிப் போட்டுவிட்டான். அவர் ஏறி உட்கார்ந்து, கணவாய் இறங்கித் திரும்பி வருவார்; ஒரு குறையும் இல்லாமல் போய்வந்தால் ஓடட்டும், எங்காவது தகராறு செய்தால் பஸ் சந்தைப்பேட்டை ஷெட்டுக்கு, ரோடு பழையபடி மற்ற பஸ்களுக்கும் மற்ற டிரைவர்களுக்கும். மாலைத் திருப்பத்து ஆணிகளை எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். ஊர் பஸ்ஸைக் கழுவியது. ஆடுகளைக் கட்டிப்போட்டது. கொள்ளு அறுவடை முடிந்த சமயம். வழக்கமாகச் செடியைக் கொண்டுவந்து ரோட்டில்தான் பரப்புவார்கள், போகிற வருகிற வண்டிச் சக்கரம் ஏறி ஏறி நெற்று உடைந்து கொள்ளு உதிரும், கூட்டி அள்ளித் தூற்றிக்கொள்வார்கள், களத்தில் மாட்டைக் கட்டி மிதிப்பதெல்லாம் போய் எத்தனையோ காலமாயிற்று. ஆபீசர் கண்ணில் பட்டால் கேஸ் என்பதால், அவர் போகும்வரை ஒரு செடி ரோட்டில் இருக்கக்கூடாது என்று தமுக்கடித்துச் சொன்னார்கள்.

அந்தத் தமுக்கைக் கேட்டபோதுதான் ஜெட்டுவுக்கு யோசனை வந்தது. பஸ் தானாக ஓட ஆரம்பித்தது பங்குனியில். அது இன்னும் கொள்ளைப் பார்த்ததில்லை. கோழிக்கு நிற்கிறது, ஓணானுக்கு நிற்கிறது. ரோட்டில் ஒரு படப்பே குவிந்து கிடந்தால்? நிற்கும். நின்றால் தீர்ந்தது. அவன் சீட்டு அவனுக்கு.

இரவெல்லாம் தூங்காமல் கிடந்து, கிழக்கு வெளுக்கும்போது எழுந்து, ரோட்டோரக் காட்டில் மாதம்மா அறுத்து அடுக்கியிருந்த கொள்ளுச் செடியை நடை நடையாகச் சுமந்து வந்து, ஊரெல்லை தாண்டி முதல் வளைவுக்கு முன்னால், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, இடுப்பு உயரத்துக்குப் போட்டான். பனி கொட்டியது. வேலை முடிந்ததும் வேர்வை குளிர்ந்து உடம்பு நடுங்கியது. கொஞ்ச நேரம் உட்காரலாம் என்று குவியலின் நடுவில் உட்கார்ந்தான். செடி கதகதவென்று இருந்தது. தோளில் கிடந்த போர்வையை இழுத்து மூடி, அதன்மேல் ரெண்டு கட்டுச் செடியையும் இழுத்துப் போட்டுக்கொண்டான். கண் சொருகிவிட்டது.

பஸ் வந்தது. நின்றது. இங்கேதான் நாம் ஆரம்பித்தோம்.

ஜன்னலில் எட்டிப் பார்த்த மாதம்மா முதலில் கத்தினாள். "ஐயோ, இது எங்க கொள்ளாச்சே! எந்த நாசமாப்போறவன் இங்க கொண்டாந்து கொட்டுனான்?"

அந்தச் சத்தத்தில்தான் நாசமாய்ப் போகிறவன் விழித்தான். செடியின் சந்து வழியாகப் பஸ்ஸின் விளக்கு தெரிந்தது. நின்றுவிட்டது! போர்வைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். இப்போது எழுந்தால் குட்டு வெளிப்படும், கொஞ்சம் கிடப்போம் என்று கிடந்தான்.

பிரேக் இன்ஸ்பெக்டர் இறங்கிக் கொள்ளைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார். "இவ்வளவுதானா உங்க அதிசயம்? பச்சப் புள்ளகூட தாண்டிப் போயிடும்."

"சார், அது பாத்துப் போகும் சார்" என்றான் ரஹமத். "பாக்கட்டும், நேரம் குடுங்க."

"எதைய்யா பாக்குது? கொள்ளு. கொள்ளுன்னு தெரியல அதுக்கு." பின்னால் வந்து ஜீப்பை ஓரங்கட்டியிருந்த தன் டிரைவரைக் கைதட்டிக் கூப்பிட்டார். "நீ ஏறி எடுப்பா."

ஜீப் டிரைவர் சீட்டிலிருந்த மாலையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தான். "கொள்ளுதானே சார். நம்ம பக்கம் இதுமேல ஏத்தாத வண்டி எது? ஒரே மிதி."

கொள்ளுக்குள்ளே கிடந்த ஜெட்டுவின் சிரிப்பு நின்றது. அந்தக் குரல் அவனுடைய பழைய குரல். ஒரே மிதி. எத்தனை தையில் எத்தனை குவியல்மேல் அவன் அப்படி ஏற்றியிருக்கிறான், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அடியில் என்ன இருக்கிறது என்று இறங்கிப் பார்த்திருக்கிறானா? காவலுக்குப் படுத்தவன் இருந்திருந்தால்? ஒளிந்து விளையாடுகிற பிள்ளை இருந்திருந்தால்? இல்லாமல் போனது அவன் திறமையா? எழுந்திருக்கப் பார்த்தான். கொடி போர்வையைச் சுற்றி, போர்வை காலைச் சுற்றி, பனியில் விறைத்த கால் கேட்கவில்லை. கத்தினான். தூசு தொண்டையை அடைத்தது. வெளியே எஞ்சின் உறுமிய உறுமலில் அவன் கத்தியது அவனுக்கே கேட்கவில்லை.

ஜீப் டிரைவர் மிதித்தான். பஸ் நகரவில்லை. கியரை மாற்றி மறுபடி மிதித்தான். பஸ் உடம்பெல்லாம் நடுங்கியது, ஜன்னல் கண்ணாடிகள் கடகடத்தன, சென்னையனின் சோப்புக் கிண்ணம் விழுந்து உருண்டது. பெரிய பாரத்தைத் தோள் கொடுத்துத் தடுக்கிறவனைப்போல் அது அந்த மிதியைத் தாங்கி நின்றது. மூன்றாவதாக அவன் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்று மிதித்தபோது, இனி இவனிடம் பேசிப் பிரயோசனம் இல்லை என்பதுபோல், பஸ் பின்னால் போனது. மெதுவாக, ஆரன் கொடுத்துக்கொண்டு, இறங்கிப் பின்னால் நிற்பவர்கள் விலகக் காத்திருந்து, நல்ல தூரம் தள்ளிப் போய் நின்று, எஞ்சினை அணைத்துக்கொண்டது.

அந்த அமைதியில் கொள்ளு பேசியது.

"தூக்குங்கடா! அடியில நானு கீறேன்!"

செடியை வாரி எறிந்து ஓடினார்கள். மாதம்மா முதலில் போய்ச் சேர்ந்தாள். தலையெல்லாம் நெற்றும் தழையுமாக எழுந்து உட்கார்ந்தவனைப் பார்த்து, ஓங்கிய கையை அடிப்பதா அணைப்பதா என்று தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். "இந்தாய்யா," என்றாள், "உனக்குப் படுக்க வேற எடமே கெடைக்கலியா?" பிறகு அழுதாள். ஜீப் டிரைவர் இறங்கி ரோட்டோரத்தில் குந்திக்கொண்டு, தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒருத்தரும் அவனைத் திட்டவில்லை. யார் ஓட்டியிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள், அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

பிரேக் இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். ஆனால் ஆபீசர் ஆபீசர்தான். "ஆளைக் காப்பாத்திடுச்சு, சரி. இப்ப அடியில யாருமில்லையே? எடுக்கச் சொல்லுங்க."

ரஹமத் விசில் கொடுத்தான். பஸ் எஞ்சினைப் போட்டது, கொள்ளுவரை வந்தது, நின்றது. ஒரு குவியலில் ஆள் இருந்தால் எந்தக் குவியலிலும் ஆள் இருக்கலாம் என்று அது எண்ணிக்கொண்டதோ என்னவோ. கும்பிட்டார்கள், கற்பூரம் காட்டினார்கள், பின்னால் நின்று தள்ளினார்கள். நகரவில்லை.

"ரோடுன்னு இருந்தா போகணும்" என்றார் இன்ஸ்பெக்டர். "போகாதது வண்டியில்ல. இந்த ஊர்ல லைசென்ஸ் உள்ளவன் எவனாவது இருக்கானா? ஏறி உக்காரட்டும், இனிமே அவனே ஓட்டட்டும்."

ஊர் ஜெட்டுவைப் பார்த்தது. லைசென்ஸ் சட்டைப்பையில் இருந்தது. சீட்டு காலியாக இருந்தது, மாலையைக்கூட எடுத்தாகிவிட்டது. பங்குனியிலிருந்து அவன் கேட்டதெல்லாம் இதோ, இரண்டு எட்டு தூரத்தில். அவன் பஸ்ஸிடம் போனான். படியில் ஏறவில்லை. முன்பக்கம் போய் அதன் நெற்றியில் உள்ளங்கையை வைத்தான். மாட்டு முகம்போல் சூடாக இருந்தது.

"நீ பாத்தது சரி," என்று அதனிடம் சொன்னான். "நான்தான் எப்பவும் பாக்கல."

செருப்பைக் கழற்றிவிட்டான். திரும்பிக் கொள்ளின்மேல் ஏறினான். காலால் துழாவித் துழாவி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம், அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம், ஒரு சாண் இடம் விடாமல் மிதித்து, குனிந்து கையால் அள்ளிப் புரட்டிக் காட்டி, "இங்க யாருமில்ல, வா" என்றான். பஸ் ஒரு அடி வந்தது. "இங்கயும் யாருமில்ல, வா." இன்னொரு அடி வந்தது. நெற்று சக்கரத்தின் கீழே படபடவென்று வெடித்தது. அவ்வளவுதான், ஊரே செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கியது. ஹெட்மாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டினார், சென்னையன் பெட்டியை அக்குளில் இடுக்கினார், மாதம்மா முந்தானையைச் செருகினாள், இங்க யாருமில்ல வா, இங்க யாருமில்ல வா என்று ஒரே குரலாக மிதித்துக்கொண்டு போக, அவர்களுக்குப் பின்னால், முன்னே போகிறவனின் குதிகால்மேல் ஒரு தடவைகூட இடிக்காமல், கொள்ளை உதிர்த்துக்கொண்டு பஸ் வந்தது. கடைசிச் செடியைத் தாண்டியதும் அது ஒரு ஆரன் கொடுத்தது பாருங்கள், கணவாய் முழுக்க எதிரொலித்தது.

பிறகு கேட்பானேன். எல்லாரும் ஏறினார்கள், ஜெட்டு தன் பழைய சீட்டில் உட்காரவில்லை, அதற்குப் பக்கத்தில் எஞ்சின்மேல் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தான். வாழ்நாளில் முதல் தடவையாக அந்த ரோட்டில் எத்தனை மரம் என்று பார்த்தான். சென்னையன் கேட்காமலேயே இன்ஸ்பெக்டரின் கன்னத்தில் சோப்பைக் குழைத்துப் பூசினார். மாலைத் திருப்பத்தில் பஸ் வட்டமாகத் திரும்பும்போது கத்தி இன்ஸ்பெக்டருடைய தொண்டைக் குழிவரை இறங்கிக்கொண்டிருந்தது, அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், பயத்தினால் இல்லை, சுகத்தினால். முனியம்மா போண்டாவை ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். சந்தைப்பேட்டையைத் தொட்டு, திரும்பி, கணவாய் ஏறி, பஸ் ஊருக்குள் வந்தபோது மேளம் தயாராக இருந்தது.

இன்ஸ்பெக்டர் வழுவழு முகத்தோடு இறங்கினார். "ஓடட்டும்," என்றார். கூட்டம் ஓவென்று கத்தியது. அவர் கையைத் தூக்கினார். "ஆனா முன்னால ஒரு ஆள் இருக்கணும். ஓட்ட வேணாம். இறங்கிப் பாக்கணும், வழி சொல்லணும். இன்னிக்கு அதை நகர்த்தின ஆளே இருக்கட்டும். பேர் என்ன?"

"ஜெட்டு!" என்றது ஊர்.

"அது வண்டி பேருய்யா. மனுஷன் பேரைக் கேக்கறேன்."

ஊரில் ஒருத்தரையொருத்தர் கேட்டுக்கொண்டார்கள். ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை. கேட்கப்பட்டவன் சொல்ல வாயைத் திறந்தான். பேருக்குப் பதில் கொள்ளுத் தூசில் அடுக்குத் தும்மல்தான் வந்தது. லைசென்ஸை எடுக்கக் கை சட்டைப்பைக்குப் போனது. அங்கே தழைதான் இருந்தது, லைசென்ஸ் கொள்ளோடு போய்விட்டது.

மாதம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் தலையிலும் நெற்று ஒட்டிக்கொண்டிருந்தது. வழக்கம்போல் மலையைக் காட்டக் கையைத் தூக்கினாள். பாதியில் அந்தக் கையை இறக்கி, அவன் தோளில் வைத்தாள். ஊர் கேட்க, மேளக்காரர்கள் கேட்க, பஸ் கேட்க, கல்யாணம் ஆன நாளிலிருந்து வாயில் எடுக்காத பெயரை உரக்கச் சொன்னாள்:

"தீர்த்தகிரி."